அண்ணை வைத்துவிட்டுப் போன நேர்த்தி

அன்பான உறவுகளே, நண்பர்களே,

அண்ணையின் இறுதிக் கிரியை நடந்த மண்டபத்தில் அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதபோது சொன்னதை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். "நான் கேட்டதைத்தானே ராசா பிள்ளையார் தந்தவர்! நான்தானே கேட்டு வாங்கினனான்!" என்று திரும்பத் திரும்பக் கதறினார். துக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்கிறார் என்று பலர் விட்டுவிட்டீர்கள். சிலர் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்ன பிள்ளை, கொம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டீர்கள். இன்று, அண்ணை எங்களை விட்டுப் போன ஓராண்டு நிறைவில், அதற்கான பதிலை எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, எல்லாரும் அறியட்டும்" என்றார்.

அண்ணை இணுவிலில் பிறந்தார். அப்பா முதலில் லண்டன் வந்துவிட, நடக்கப் பழகிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் வந்து சேர்ந்தார். நான் இங்கே பிறந்தவள். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் வளர்ந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து, படுக்காமலே, அண்ணையை வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அப்பாவுக்கு உதைபந்தாட்டத்தில் ஆனா ஆவன்னாவும் தெரியாது. தேத்தண்ணீர்ப் போத்தலோடு கரையில் நின்று, "விடாதை! விடாதை!" என்று ஒரே சொல்லைக் கத்துவார். பந்து யாரிடம் இருந்தாலும் அதே சொல்தான்.

அங்கே யாரோ பார்த்து, லண்டனின் பெரிய கிளப் ஒன்றின் சிறுவர் அக்கடமிக்கு அண்ணையை எடுத்தார்கள். அக்கடமி என்றதும் அம்மா அதை டியூஷன் மாதிரி ஏதோ என்று நினைத்து மனம் நிறைந்து அனுப்பினார். விஷயம் விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. பதினெட்டு வயதில் அந்தக் கிளப் அவரை வேண்டாம் என்றது. அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்துப் பையை வாசலில் வைத்தார், இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டார், படுத்துவிட்டார். அடுத்த நாள் விடிய எழும்பி ஓடப் போனார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அழுதிருப்பார்.

பிறகு தொடங்கியதுதான் அவருடைய தொழில் வாழ்க்கை. தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் முதல் பிரிவு அல்ல, அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது பிரிவுகள். ஒரு வருட ஒப்பந்தம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு வருடம். ஒவ்வொரு மே மாதமும் மனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருக்கலாமா போகவேண்டுமா என்று சொல்லுவார். மே வந்தால் எங்கள் வீட்டுக் கறியில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தரம் இருக்கும். வடக்கே மீன்பிடி ஊர் ஒன்று, நடுவே பழைய ஆலை ஊர் ஒன்று, பெயரை அம்மாவால் சொல்லவே ஏலாத வேல்ஸ் எல்லை ஊர் ஒன்று என்று அண்ணை பெட்டியும் கையுமாகப் போய்வந்தார். ஒருமுறை ஒரு கிளப் அவரை இன்னொரு கிளப்புக்குச் சில மாதங்கள் லோனில் கொடுத்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "ஆளை இரவல் குடுக்கிறதோ? அவன் என்ன குத்துவிளக்கோ?" அண்ணை தரையில் இருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அவர் நடுக்களத்தில் விளையாடியவர். பின்னால் நிற்பவரிடம் பந்தை வாங்கி முன்னால் நிற்பவரிடம் கொடுப்பது அவர் வேலை. கோல் அடித்தது மிகக் குறைவு. "ஏன் அண்ணை, நீங்களே அடிச்சிருக்கலாமே?" என்று நான் சண்டை பிடிப்பேன். "அவன் என்னைவிட நல்ல இடத்திலை நிண்டவன். நான் என்னத்துக்கு அடிக்க?" என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

இதையெல்லாம் உங்களில் அநேகமானோர் இப்போதுதான் அறிகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கலியாண வீடுகளில், "மூத்தவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டால் அம்மா, "வெளியூரிலை வேலை" என்று மட்டும் சொல்லுவார். அதை வைத்து நீங்களே அவரை இன்ஜினியர் ஆக்கிவிட்டீர்கள். அம்மா மறுக்கவில்லை. அவருக்கு வெட்கம் இல்லை, பயம். படிப்பும் இல்லை, நிலையான வேலையும் இல்லை, ஒரு கால் போனால் எல்லாம் போச்சு. வந்த சம்பந்தங்களும் உண்மை தெரிந்ததும் அப்படியே நின்றன.

அந்த நேரத்தில்தான் அப்பா மாரடைப்பில் போனார். அடுத்த மாரிகாலத்தில் அண்ணையின் முழங்கால் மைதானத்தில் முறுகி, உள்ளே இருக்கும் நார் அறுந்தது. ஒரு வருடம் விளையாட முடியவில்லை. அந்த ஒரு வருடமும் அம்மா அண்ணையின் முகத்தை நேரே பார்த்துக் கதைத்ததை நான் காணவில்லை. கவலையாக்கும் என்று நினைத்தேன். அண்ணை மெல்ல மெல்ல ஓடிப் பழகித் திரும்பவும் விளையாடப் போனார். அன்று அம்மா குளித்துவிட்டு வந்து சாமித்தட்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தார்.

சில வருடங்கள் கழித்து அண்ணையின் அணி மேல் பிரிவுக்குப் போகும் இறுதி ஆட்டத்துக்காக வெம்பிளி மைதானத்துக்கு வந்தது. "நானும் வாறன்" என்று, அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் போகாத அம்மா சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி, அங்கே இருக்கும் எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் போகிறார் என்று நினைத்து, "வெம்பிளிக்கோ? சாறியோ நகையோ?" என்று கேட்டார். அம்மா, "ஓம், சும்மா ஒருக்கால் பாத்திட்டு வருவம்" என்றார். அத்தனை ஆயிரம் சனத்துக்கு நடுவே, கைப்பையில் திருநீறும் பருத்தித்துறை வடையும் வைத்துக்கொண்டு இருந்தார். பந்தை அவர் பார்க்கவே இல்லை. அண்ணையின் முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை கொடுத்த பந்தில்தான் அவர்களுடைய ஒரே கோல் விழுந்தது. ஆட்டத்தில் தோற்றார்கள். கண்கள் சிவந்து, எங்களைத் தேடிக்கொண்டு கரைக்கு வந்த அண்ணையைப் பார்த்து அம்மா கத்தினார், "தம்பி, சாப்பிட்டனியோ?" அண்ணை அந்தத் தோல்வியிலும் சிரித்துவிட்டார்.

கால் இனித் தாங்காது என்றதும் விளையாட்டை விட்டு வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அம்மா சமைப்பார், அவர் சாப்பிடுவார், பாத்திரம் யார் கழுவுவது என்று நானும் அவரும் சண்டை பிடிப்போம். அம்மா கேட்டிருந்த வாழ்க்கை அதுதான். நீடிக்கவில்லை. இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். நாற்பது வயது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியபோது, நான், "கிழவனாப் போனீங்கள் அண்ணை" என்று பகிடி பண்ணியிருந்தேன். ஐயோ, எங்களுக்கு என்ன தெரியும்.

கடைசி நாட்களில் அவரை, மாறாத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸில் வைத்திருந்தோம். ஒரு பின்னேரம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "தம்பி, நான் ஒரு பாவம் செய்தனான்" என்றார். நானும் அங்கே இருந்தேன். அன்றுதான் நானும் முதல் முதலாகக் கேட்டேன்.

"கொப்பா போன பிறகு விம்பிள்டன் பிள்ளையாரிட்டைப் போனனான். எப்பிடியாவது இவனை இந்தப் பந்திலையிருந்து பிரிச்சு விடு அப்பனே எண்டு நேர்த்தி வைச்சனான். அந்த மாசமே உன்ரை முழங்கால் போச்சு. ஓடிப்போய், வேண்டாம், கேட்டதைத் திருப்பி எடு எண்டு அழுதனான். அவர் எடுக்கேல்லை. இப்ப பார், உன்னையே…"

இத்தனை வருடங்கள் இந்தக் கல்லை மடியில் கட்டிக்கொண்டா எங்கள் அம்மா சமைத்தார், எங்களோடு சிரித்தார், வெம்பிளிக்கு வந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அண்ணை, "அம்மா, பிள்ளையார் அவ்வளவு கவனமா எங்கடை மட்ச் பாத்தவர் எண்டால், ஒருக்காலாவது எங்களை வெல்ல வைச்சிருக்க மாட்டாரே?" என்றார்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அண்ணை கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன். மூடிய கண்ணோடே சொன்னார், "நானும் ஒரு நேர்த்தி வைச்சனான் அம்மா. இன்னும் செய்யேல்லை."

"என்ன நேர்த்தி ராசா?"

"நீங்கள் ஒருக்கால் வந்து நான் விளையாடுறதைப் பாத்தால் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடிக்கிறன் எண்டு. வெம்பிளிக்கு வந்தனீங்கள்தானே? அந்தாள் தன்ரை பக்கத்தைச் செய்திட்டார். நான்தான் போகேல்லை. எனக்கு இனி ஏலாது. நீங்கள்தான் போய் அடிக்க வேணும்."

அம்மா கண்ணைத் துடைத்தார். "எத்தினை தேங்காய் தம்பி?"

"நீங்கள் ரெயினிலை தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவு போதும்."

அண்ணை நேர்த்தி வைக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போனால், சப்பாத்தைக் கழற்றப் பஞ்சியில் வெளியே நின்று போன் பார்ப்பவர். அம்மா முகம் கழுவப் போன நேரத்தில், "உண்மையோ அண்ணை?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் கேட்டார். இரண்டொரு நாளில், ஒரு காலை நேரம், அமைதியாகப் போய்விட்டார். அம்மா அப்போதும் அவருடைய முழங்காலைத் தடவிக்கொண்டுதான் இருந்தார்.

இந்த ஒரு வருடமாக அம்மா கோயிலுக்குப் போகவில்லை. துடக்கு வருடம், கோயிலுக்குப் போகக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அதல்ல. வீட்டில் விளக்குக்கூட வைக்கவில்லை. "வாய் திறக்கப் பயமாக் கிடக்கு பிள்ளை. நான் என்னத்தையாவது கேட்டு, அவர் தந்திட்டால்?" என்றார். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், "நேர்த்தி எண்டால் சும்மா விளையாட்டோ? கேட்டது பலிச்சுப் போச்சு" என்று என் காதுபடச் சொன்னார். யார் என்று எழுதமாட்டேன். இனி அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டு வாசலுக்குள் வரக்கூடாது. என் அண்ணையைக் கொன்றது நோய். எங்கள் அம்மா கேட்டது தன் பிள்ளை பத்திரமாக வீட்டுக்கு வரவேண்டும் என்பதை மட்டும்தான். எந்தத் தாய் அதைக் கேட்கவில்லை?

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அண்ணையைத் தங்கள் உடன்பிறப்பைப் போலப் பார்த்த ஹொஸ்பிஸ் தாதிமாருக்கு நன்றி. முப்பத்தொரு நாளும் எங்களுக்கு அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கு நன்றி. அவர் விளையாடிய ஊர்களிலும், அவரை இரவல் வாங்கிய ஊரிலும் இருந்தெல்லாம் வந்து, எங்கள் மச்சான்மாரோடு சேர்ந்து பெட்டியைத் தோளில் சுமந்த, கறுப்பு உடுப்புப் போட்ட அந்த நெடிய மனிதர்களுக்கு நன்றி. அவர்கள் தமிழ் அறியாதவர்கள். ஆனாலும் கையால் சோறு சாப்பிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

கடைசியாக, எங்கள் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் தம்பிக்கும் நன்றி. போன கிழமை அம்மா திடீரென்று, "வெளிக்கிடு பிள்ளை, கொண்ணையின்ரை நேர்த்தி கிடக்கு" என்று என்னை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்துப் பையில் போட்டார். அந்தத் தம்பி, கனமான பையை அம்மாவிடம் கொடுக்காமல், ஸ்டேஷனுக்குப் போகும் பஸ் வரும்வரை தானே தூக்கி வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார். "இவ்வளவு தேங்காய்! வீட்டிலை என்ன விசேஷம் அன்ரி?" என்று கேட்டார்.

அம்மா "சும்மா" என்று சொல்லுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"என்ரை மகன் ஃபுட்போல் விளையாடினவர் தம்பி," என்றார் அம்மா. "நான் பாக்கப் போனனான்."

ஆறாத துயருடன்,
தங்கை