எதிரே வந்த மதுரை பஸ்

மாலை போட்டு நடப்பவர்கள் எல்லாரும் சாமிதான். அதனால் அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு எங்களோடு பாதயாத்திரை வந்தவர். பச்சைச் சேலை, வெடித்த குதிகால். எதிரே மதுரை பஸ் வரும்போதெல்லாம் நின்று, "ஏலே, போ! நான் வரல!" என்று கத்துவார்.

இரண்டாம் நாள், அருப்புக்கோட்டைக்கு முன்னால் கருவேலங்காட்டு வெயிலில், வீட்டு நினைப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே வந்த மதுரை பஸ்ஸுக்குக் கை காட்டினேன். நின்றது.

"அழுதுக்கிட்டே ஏறாதீக சாமி. கண்ணத் தொடச்சிட்டு ஏறுங்க" என்றார் அந்தப் பெண்.

நான் துண்டைத் தேடுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

"உங்களுக்கு வீட்டு நினைப்பே வராதா சாமி?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"வராமயா ஒவ்வொரு பஸ்ஸையும் வையிறேன்?"

அதன்பின் திருச்செந்தூர் வரை ஒரு மதுரை பஸ்ஸையும் நாங்கள் சும்மா விடவில்லை.