மரத்துப்போன மூன்று மணி நேரம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. சிதம்பரத்திலிருந்து கடலூர் செம்மண்டலத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள்.

"மூணு மணி நேரம் மரப்பு இருக்கும். சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. தெரியாம உதட்டக் கடிச்சிக்குவா, வாயையே பாத்துக்கிட்டிருங்க" என்றார் டாக்டரம்மா.

அன்று பிரதோஷம், நான் விரதம். சாப்பிடக் கூடாது என்றது மட்டும்தான் என் மனசில் நின்றது. மகளும் என்னோடு விரதம் இருக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

திரும்பும் பஸ்ஸில், "அப்பா, என் உதட்டக் காணோம்பா" என்றாள்.

"இருக்குடி தங்கம், வந்துரும்."

பிறகு அவள் அழவில்லை, பேசவில்லை. ஆண்டவன் வலியை வாங்கிக்கொண்டான் என்று நம்பிக் கண்ணை மூடி ஐந்தெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆலப்பாக்கத்தில் ஏறிய மீன்காரம்மா என் தோளைத் தட்டினார். "இன்னா சார், இத்துனூண்டு பொண்ணுக்கு வெத்தல பாக்கா?" என்று சிரித்தவர், குனிந்து பார்த்ததும், "ஐயோ, ரத்தம் சார்!" என்றார்.

மோவாய், கவுன் எல்லாம் சிவப்பு. மகள் கீழுதட்டை உள்ளே இழுத்து மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டு விலக்கினேன். ஓரம் கிழிந்து தொங்கியது. வலி தெரியாததால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் மரப்பு விட்டதும் அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

"பக்கத்துலதான இருந்தீங்க? தூங்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"ஜபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அவள் மகளை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் உதடு வீங்கி வெள்ளை பூத்திருந்தது. வாய் மூடவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை. மூவரும் திரும்பப் போனோம். சீழ் இல்லை, கடித்த புண்தான், ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் சொத்தை, அதையும் பிறகு எடுக்க வேண்டுமாம்.

"மரப்ப சீக்கிரம் போக்க மருந்து இல்லீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"அதுக்குன்னு ஒரு ஊசி இருக்கும்மா. எங்ககிட்ட இல்ல. கண்ணெடுக்காம பாத்துக்க ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்."

நான் தலையைத் தூக்கவில்லை.

புண் ஆறியதும் அடுத்த பல்லுக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறி மகள் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"அப்பா வேணாம். அம்மா மட்டும் வரட்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் இறங்கிவிட்டேன். ஜன்னலோரம் இருந்த மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.