கருவாட்டுத் தூள் போட்ட மண்

ஜெகதாப்பட்டினத்தில் நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வீடு. கீழே இறங்கினால் சிமெண்ட் ரோடு, எதிரே ஐஸ் கம்பெனி. ஒரு வெண்டைச் செடி வைக்கக்கூட மண் கிடையாது. மகளுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை நிறையக் கொடுங்கள் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து மொட்டை மாடியில் தோட்டம் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கடைக் கீரையில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று பயம். எனக்கு எதைத் தொட்டாலும் பயம்தான்.

என் கணவர் விசைப்படகு டிரைவர். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளில் ஓரம் உடைந்தவற்றைத் துறைமுகத்திலிருந்து தூக்கி வந்து நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டார். கண்மாய் வண்டலை மூட்டை கட்டி பைக்கில் கொண்டுவந்தார். நான் போனைப் பார்த்துத் தேங்காய் நார், மாட்டுச் சாணம் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பி.எஸ்ஸி. படிச்சவ, நீ சொன்னாச் சரிதான். ஆனா ஒரத்த மட்டும் எங்கிட்ட விட்டுரு" என்றார்.

மறுநாள் கருவாடு காயவைக்கும் களத்திலிருந்து ஒரு சாக்குக் கருவாட்டுத் தூள் வந்தது. அதை மண்ணோடு பிசைந்து பெட்டி பெட்டியாக நிரப்பினார். மாடியில் நிற்க முடியவில்லை.

"ஏங்க, இந்த நாத்தத்துல செடி வருமா?"

"நாத்தமில்ல புள்ள, சத்து. தக்காளி தேங்கா கணக்கா வரும் பாரு."

மகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். தக்காளி நாற்று, அரைக்கீரை, புதினா வைத்தோம். அந்த வாரமே அவர் கடலுக்குப் போனார்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரை நேவிக்காரர்கள் படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் போனவர்களைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். படகை ஓட்டியவர் என்று இவரை மட்டும் சிறையில் வைத்துவிட்டார்கள். தீர்ப்பு வரவில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் செடிகள் கருகத் தொடங்கியிருந்தன. முதலில் இலை ஓரம் பழுத்தது. தண்ணீர் போதவில்லையோ என்று கூட்டினேன், அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தேன். பழைய சேலையைக் கட்டி நிழல் போட்டேன், அதையும் அவிழ்த்தேன். கீழ்வீட்டு அக்கா மேலே வந்து ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பாக் கரிக்குது. கருவாட்டுத் தூளையா கொட்டுனாரு? கடல்லயே கெடக்குற மனுசனுக்குக் கருவாட்டுல உப்பு இருக்குறது தெரியலையாக்கும்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கொட்டிப்புட்டு வேற மண்ணு போடுத்தா."

கொட்டியிருக்கலாம். அவர் பிசைந்து வைத்த மண்ணை என்னால் கொட்ட முடியவில்லை. குடிதண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பை இறக்கப் பார்த்தேன். கீரை போனது, புதினா போனது, கடைசியில் தக்காளியும் போனது. அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற நினைப்பு மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அவர் குரல். தக்காளி காய்த்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டதும் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, செடியெல்லாம் செத்துப்போச்சு. நாத்தம் மட்டும் இருக்கு."

அவர் சிரித்தார். "இங்க ஒக்காந்து யோசிக்கயிலதான் ஒறைச்சுச்சு. ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியல பாரு. அந்த மண்ணக் கொட்டிரு."

"கொட்டுறேங்க. திரும்பவும் தக்காளியே வைக்கட்டா? நீங்க வாரப்ப காய்ச்சிருக்கும்."

எப்போது வருவீர்கள் என்று கேட்கத் தைரியமில்லாமல்தான் அப்படிக் கேட்டேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

"தக்காளி வேணாம். கறிவேப்பிலை வையி. பெட்டி பத்தாது, டிரம்மா பாத்து வையி."

தக்காளி மூன்று மாதத்தில் காய்க்கும். கறிவேப்பிலைக் கன்றை முதல் வருடம் கிள்ளவே கூடாது. அது மரமாகி வீட்டுச் சமையலுக்கு உதவ வருடக்கணக்காகும். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதால் தீர்ப்பு வந்துவிட்டதை அவர் இப்படிச் சொல்கிறார் என்று தோன்றியது. சும்மா சொல்லியிருப்பாரோ, நான்தான் ஒன்றுக்கு இரண்டாக நினைக்கிறேனோ என்றும் தோன்றியது.

"எனக்குக் கறிவேப்பில பிடிக்காது. தட்டுலேர்ந்து தூக்கிப் போட்ருவேன்" என்றாள் மகள்.

"அது மரமாகுறப்ப ஒனக்குப் புடிச்சிரும்த்தா" என்றார் அவர். அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. "சரிங்க" என்றேன். அழைப்பு முடிந்துவிட்டது.

சாயங்காலம் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். பிறகு கீழே போய், வீணாகக் கிடக்கும் டிரம் ஏதாவது இருக்கிறதா என்று கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"இருக்கு. எம்புட்டுப் பெருசு வேணும்த்தா?"

கையை விரித்துக் காட்டப் போனேன். எவ்வளவு விரிப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.