எல்வீரா குந்திய ஆட்டம்

கனடாவின் மானிடோபாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டும் எல்வீரா ஃப்ரீசன், ஐம்பத்தெட்டாம் வயதில் கர்லிங் கற்க வந்தாள்; பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கவிட்டு, தூரத்து வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம் அது. முதல் வாரமே மல்லாக்க விழுந்து பின்மண்டையை மோதிக்கொண்டாள். "இன்னொரு அடி பட்டா பஸ் ஓட்டுறதையே மறந்துடுங்க" என்றார் டாக்டர். தனிக்கட்டையான அவளுக்கு அந்தப் பேருந்துதான் சோறு, உறவு எல்லாம்.

"அப்ப இதை விட்டுத் தொலையேன்" என்றேன். நான் ஹெர்ப், அணித் தலைவன். வாய் கொஞ்சம் நீளம்.

"பனிக்கட்டி மேல வழுக்கிட்டுப் போறப்ப கனவுல பறக்கிற மாதிரி இருக்கு ஹெர்ப். எப்படி விடுறது?"

மறுவாரம் தலைக்கவசத்தோடு வந்தாள்.

"என்ன, நிலாவுக்கா கிளம்பிட்ட?"

"ஆமா, நீங்கல்லாம் கீழேயே கிடங்க."

வழுக்கும் காலணிக்கு ரப்பர் உறை மாட்டாமல் ஓரடி நடக்கமாட்டாள். தடுமாறினால் உடனே குந்திவிட வேண்டும் என்று வீட்டிலேயே பழகினாளாம். ஆனால் கல்லைத் தள்ளி வழுக்கும்போது அவள் முகமே வேறு. வெளியே பனி பொழியும். உள்ளே கல் மெல்ல உறுமிக்கொண்டு போகும். அதன் பின்னால் அவள் தூக்கத்தில் மிதப்பவள் போலப் போவாள். பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பிப்ரவரியில் இறுதி ஆட்டம். பத்தொன்பது வருடமாக எனக்கு எட்டாத கோப்பை. எங்கள் கடைசிக் கல் வட்டத்தை நோக்கி வந்தது. கல் இன்னும் தூரம் போவதற்காக எல்வீரா அதன் முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்தபடி, கல்லிலேயே கண்ணாகப் பக்கவாட்டில் விரைந்து வந்தாள். அவள் கால் போகும் வழியில் எதிரணிக் கல்லொன்று கிடந்தது. வட்டத்தில் நின்ற எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"தேய்! நிறுத்தாத! தேய்!" என்று கத்தினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுகணம் பொத்தென்று குந்திவிட்டாள். அவள் காலில் பட்டு எங்கள் கல் விலகிப்போனது.

"பட்டுடுச்சு, என் கால்தான்" என்று அவளே கையைத் தூக்கினாள். ஓடும் கல்லில் ஆள் பட்டால் அந்தக் கல் செல்லாது; எங்கள் ஆட்டத்தில் தப்பைச் செய்தவரேதான் அதைச் சொல்ல வேண்டும். கோப்பை போயிற்று.

வழக்கப்படி ஜெயித்தவர்கள் எங்களுக்கு பீர் வாங்கித் தந்தார்கள். நான் அதைத் தொடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எல்வீரா, அங்க கல்லு கிடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கத்துனேன்."

"தெரியும் ஹெர்ப். உன் வாய் தேய்னு சொல்லுச்சு, கண்ணு என் கால்கிட்டயே நின்னுச்சு. நான் கண்ணைத்தான் நம்பினேன்."