வலது சுண்டுவிரலுக்கு ஒரு மிஷின்

போன மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்து நின்றது. வழக்கம்போலச் சவரிமுத்துவின் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக் காத்திருந்தேன். கண்டக்டர் மட்டும் என்னிடம் வந்தார். "சவரிமுத்து இனிமே வரமாட்டாருங்க. விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்" என்றார். துடைத்த துணி கையிலேயே இருந்தது.

அரூர் தாலுக்கா ஆபீஸ் வாசலுக்கு மனு எழுத வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் கையால் எழுதுகிறவன், அவர் டைப் அடிக்கிறவர். தர்மபுரி தனி மாவட்டமாகி இருபது வருஷம் ஆகிறது. கலெக்டர் மேஜைக்குப் போன மனுக்களில் பாதி எங்களுடையதுதான். எட்டாவது ஃபெயிலான என் கையெழுத்தைப் பார்த்து ஒரு கலெக்டர் காரை நிறுத்தி இறங்கியே வந்திருக்கிறார். இதை நான் சொல்லும்போதெல்லாம் சவரிமுத்து, "போன வாரம் ஜீப்புன்னீங்கண்ணே" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய வலது சுண்டுவிரல் வீங்கிவிட்டது. தமிழ் டைப்ரைட்டரில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விரலுக்குத்தான். ஒரு பக்க மனுவில் நூறு புள்ளியாவது வரும். அவருடைய பழைய மிஷினில் அந்தக் கீ ஆணி மாதிரி இறுகிக் கிடந்தது. "முடியலீங்கண்ணே. ஓசூருக்கு மக வூட்டுக்கே போயிடறேன்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவன் நான். பகலில் அவரிடம் பேசுவதுதான் பேச்சு.

சேலத்தில் பழைய டைப்ரைட்டர் விற்கும் கடைக்கு அவரை இழுத்துப் போனேன். பளபளவென்று இருந்த பெரிய மிஷினைக் காட்டி, இதுதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவரோ ஒவ்வொரு மிஷின் முன்னாலும் உட்கார்ந்து, கண்ணை மூடி, 'சின்னப்பன்' என்று என் பெயரை அடித்தார். உங்கள் பெயரா என்று கடைக்காரர் கேட்டார்.

"அண்ணன் பேருங்க. என் பேருல ஒரு புள்ளி, இவரு பேருல மூணு. அடிச்சாத்தான் விரலுக்குத் தெரியும்."

நானும் உட்கார்ந்து அடித்தேன். டைப்பில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டுமாம். கையால் எழுதுகிற பழக்கத்தில் நான் எழுத்தை முதலில் தட்ட, புள்ளியெல்லாம் அடுத்த எழுத்தின் மேல் ஏறி 'சினன்பப்ன' என்று வந்தது. "இவரு யாருங்கண்ணே, கன்னடக்காரரா?" என்றார் சவரிமுத்து.

பெரிய மிஷினில் மூன்றாவது புள்ளிக்கே முகம் சுளித்தார். மூலையில் பெயிண்ட் உரிந்த சின்ன மிஷின் ஒன்று கிடந்தது. சந்தையில் கழித்துவிட்ட மாடு மாதிரி இருக்கிறது, தொடாதே என்று தடுத்தேன். அதில் என் பெயரை நிறுத்தாமல் ஐந்து தடவை அடித்தார். "தொட்டாப் போதுங்கண்ணே, புள்ளி விழுந்துடுது."

அரூர் திரும்பியதும், கீயின் சத்தத்தைக் கேட்டே அந்த மிஷினை நான் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொன்னேன். யார் கேட்டாலும் அவர், "ஆமாங்க, அண்ணன் எடுத்துக் குடுத்த மிஷினுங்க" என்பார். ஒரு நாளும் மறுத்ததில்லை.

போன வாரம் அந்தக் கதையை டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் ஆமாங்க சொல்ல ஆளில்லை. என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: எடுத்தவர் அவர்தான், தடுத்தவன் நான். என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த மாதமே ஓசூர் போயிருப்பார். கேட்காததால் எனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். இதில் ஒரு நாளும் கூட்டிச் சொல்லவில்லை.