ரேடியோகிராம் இருந்த மூலை

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு நின்றபோது ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அதான். பசித்தாலும் அதான், கால் வலித்தாலும் அதான். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஒத்துக்கொள்ளாத மனிதர், இப்போது எல்லாவற்றுக்கும் அதான் அதான் என்கிறாரே என்று முதலில் கேலிகூடச் செய்தேன். அவரும் ஒரு பக்கமாகச் சிரித்தார். போகப் போக அந்தக் கேலியை நிறுத்திவிட்டேன்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையைத் தூக்க முடியும். அந்தக் கையை நீட்டி, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டின் கூடத்து மூலையைக் காட்டி "அதான்" என்பார். மூலையில் இருந்தது அவருடைய பழைய ரேடியோகிராம். வால்வு வைத்த ரேடியோவும் இசைத்தட்டு சுற்றும் மெஷினும் ஒரே மரப்பெட்டிக்குள். அது பாடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால் மூடிமேல் சாமி படங்களை வைத்து விளக்கேற்றி வந்தேன். ஃபிளாட்டில் வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் அந்த ஆசையைக் கிளப்பிவிட்டாள். "பேச்சு வராதவங்களுக்குக்கூட சில நேரம் பாட்டு வரும், ஆன்டி. அங்கிள் முன்ன பாடுவாரா?"

பாடுவாராவா? ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டைச் சுழலவிட்டு, முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒரே காதல் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார். இரண்டாவது சரணத்தில் வரிகளை மாற்றிவிடுவார். பாடகர் ஒரு பக்கம் போவார், இவர் ஒரு பக்கம் போவார். அதைப் போல ஒரு சகிக்க முடியாத பாட்டை நான் கேட்டதில்லை. அதைத் திரும்பக் கேட்க எதையும் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் வந்து அந்தப் பாட்டைப் போனில் போட்டான். அவர் போனைத் தள்ளிவிட்டு மூலையைக் காட்டினார். அதான். எனக்குப் புரிந்துவிட்டது. போன் வேண்டாம், தன் பெட்டி பாட வேண்டும் என்கிறார். பெட்டி பாடினால் இவரும் பாடுவார், பாட்டுக்குப் பின்னால் பேச்சும் வந்துவிடும். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் இதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மகன் உடனே ப்ளக்கைச் சொருகிப் பார்க்கலாம் என்றான். நல்லவேளை, கிள்ளானில் பழைய ரேடியோ பார்க்கிற ஒருவரிடம் முதலில் போனில் கேட்டேன்.

"குத்திடாதீங்கக்கா. ரொம்ப வருசம் சும்மா கிடந்த பெட்டிக்கு ஒரேடியா கரண்ட் குடுத்தா உள்ள புகைஞ்சிரும். அண்ணன் வேற கை வைப்பாருன்னு சொல்றீங்க. ஷாக் அடிச்சா என்னா பண்றது? லோரில ஏத்தி அனுப்புங்கலா, நான் பாக்குறேன்."

பெட்டியோடு நானும் கிள்ளானுக்குப் போனேன். மூடியைத் திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இது ரேடியோவா, கோயிலா?" விளக்கில் ஊற்றிய எண்ணெய் விளிம்பு வழியாக இறங்கி, தட்டு சுற்றும் இடமெல்லாம் கெட்டிப் பிசினாகிக் கிடந்தது. சூடக்கரி வேறு. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

தொட்டால் உதிரும் ஒயர்களை எல்லாம் மாற்றினார். கசிந்த கப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். பழைய இரண்டு முனை ப்ளக்கை வெட்டி எறிந்து, எர்த் கொடுத்து, ஃபியூஸ் உள்ள மூன்று முனை ப்ளக் போட்டார். நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல் நடுவே ஒரு பழைய குண்டு பல்பை மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் கோளாறு, ஒரு மின்னு மின்னிவிட்டு மங்கினால் சரி என்றார். முதல் தடவை அது மங்கவே இல்லை. நான் வெறுங்கையோடு ரயில் ஏறினேன்.

பெட்டி வீட்டில் இல்லாத அந்த நாட்களிலும் அவர் மூலையைக் காட்டினார். வெறும் தரை, வெறும் சுவர். "கிள்ளானுக்குப் போயிருக்குங்க, வந்துரும்" என்றேன். இடது கையால் கட்டிலில் ஓங்கி அடித்தார். இந்த மனுஷனுக்குப் பொறுமை என்பதே கிடையாது என்று மகனிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது பல்பு மின்னிவிட்டு மங்கியது. வால்வுகள் மெல்லச் சிவந்து பெட்டி முனகியது. கடைக்காரர் முன்னால் அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி பழைய இடத்துக்கே வந்திருந்தது. சாமி படங்கள் சமையலறைக்குப் போயிருந்தன. அவருக்குச் சவரம் செய்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தட்டில் முள்ளை வைத்தேன். அந்தப் பாட்டு கூடம் முழுக்க நிறைந்தது. அவர் கண் கலங்கியது. இரண்டாவது சரணம் வந்தது. வாயைத் திறந்தார்.

"அதான்."

கை நீண்டது. ஆனால் பெட்டியை நோக்கி அல்ல. பெட்டிக்கு மேலே, அதைத் தாண்டி, அதே மூலைக்கு.

சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். தள்ளிவிட்டார். காலண்டரைக் கழற்றிக் கொடுத்தேன், கீழே போட்டார். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். நாற்காலியை மூலைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்து அழுதார். பாட்டு எப்போதோ முடிந்து முள் கரகரத்துக்கொண்டிருந்தது.

"என்னதாங்க வேணும்? எனக்குத் தெரியலங்க" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

ரேடியோகிராம் இன்றைக்கும் நன்றாகப் பாடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும், இவ்வளவு பழைய பெட்டியா என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தட்டைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எந்த மூலையையும் காட்டுவதில்லை. அந்த ஒரு சொல்லையும் சொல்வதில்லை.