பகிரங்கமாக ஒரு கை

தம்பலகாமத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இராசதுரை மூன்று கட்சிகளைக் கண்டவர். முதற்கட்சியை விட்டது மாட்டுக்காரரால். விதைப்புக் காலத்தில் பட்டி மாடுகளை எங்கே கொண்டுபோவது என்ற தகராறில் கட்சி அவரை வயற்காரர் பக்கம் மட்டும் பேசச் சொன்னது. அவர் இரண்டு பக்கமும் போய்ப் பேசினார். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார். இரண்டாவது கட்சி வென்ற மறுநாளே அவரை மறந்துவிட்டது. இந்த முறை தமிழரும் முஸ்லிம்களுமாகச் சேர்ந்து தேர்தல் கேட்ட முத்தலிப்பின் அணியில் நின்று பிரதேச சபைக்கு வந்தார். தான் நடுவில் நின்ற இடத்திலேயே நிற்பதாகவும் கட்சிகள்தான் விலகிப் போவதாகவும் அவர் நம்பினார். ஊர் அப்படி நம்பவில்லை.

"அண்ணை, இண்டைக்கு எந்தக் கியரிலை போறியள்?" என்றார் பெல்ட் வாங்க வந்த ஒருவர். "றிவேசும் இருக்குத்தானே."

இராசதுரை சிரித்து வைத்தார். அன்று சபையில், அதன் தலைவரான தவிசாளரின் தெரிவு.

ஒரு பக்கம் முத்தலிப், மறுபக்கம் இராசதுரையின் முதற்கட்சிக்காரன் கிருஷாந்த். இரண்டு அணியும் சமம். நடுவில் சுயேச்சையாக வென்ற பூரணி. சபை வாசலில் முத்தலிப் இராசதுரையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"துரையண்ணே, பூரணி நமக்குத்தான் போடுவா. ஆனா ரகசியமாப் போட்டாத்தான். எல்லாருக்கும் முன்னால எண்டா அவ ஊருக்குப் பயந்து கிருஷாந்துக்குத்தான் போடுவா. அதால ரகசிய வாக்குக்குக் கைய ஒசத்துங்க. அவ்வளவுதான்."

"அவ சொன்னபடி போடாட்டி?"

"போடுவா."

"போடாட்டி எங்களுக்கு ஒரு வாக்குக் குறையும். ஆர் மாறிப் போட்டது எண்டு உங்கட ஆக்கள் ஆரைப் பாப்பினம், முத்தலிப்?"

முத்தலிப் சட்டைப்பையில் பேனையைத் தேடினார். பேனை அங்கேதான் இருந்தது. "வாங்க, நேரமாகுது" என்றார்.

மண்டபத்தில் எல்லோரும் கதிரைகளில் அமர்ந்தார்கள். தலைமை தாங்க வந்த அதிகாரி, வாக்கெடுப்பு பகிரங்கமாகவா இரகசியமாகவா என்பதை முதலில் சபையே தீர்மானிக்க வேண்டும் என்றார். கிருஷாந்தின் ஆட்கள் பகிரங்கம் கேட்டார்கள். எதிர்க் கதிரைகளில் இருந்தவர்களின் பார்வை இராசதுரையின் கையில் இருந்தது. தன் பக்கத்தவர்களும் அங்கேதான் பார்த்தார்கள் என்பது அவரைக் குத்தியது. பெட்டிக்குள் போடும் வாக்கு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதை யாருக்கும் காட்ட ஏலாது. ஒருமுறையாவது, இவன் சொன்ன இடத்தில் நின்றான் என்று நாலு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முத்தலிப் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியாமல் இல்லை.

"பகிரங்க வாக்கெடுப்பை ஆதரிப்போர்."

கிருஷாந்தின் அணி கை உயர்த்தியது. இராசதுரையும் உயர்த்தினார்.

"துரையண்ணே," என்றார் முத்தலிப், மெல்ல. "கைய எறக்குங்க."

அவர் இறக்கவில்லை. பூரணி இரகசியத்தின் பக்கம் நின்றும் ஒரு வாக்கால் பகிரங்கம் வென்றது. பூரணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பிறகு பெயர் பெயராக அழைத்தார்கள். தன் பெயர் வந்ததும் இராசதுரை எழுந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "முத்தலிப்" என்றார். பூரணியின் குரல் அரைவாசிதான் வெளியே வந்தது: "கிருஷாந்த்." ஒரு வாக்கால் முத்தலிப் தோற்றார்.

கழுத்தில் மாலையோடு வந்த கிருஷாந்த் இராசதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வந்திட்டியள் அண்ணை. நீங்கள் திரும்பி வருவியள் எண்டு தெரியும்."

"நான் முத்தலிப்புக்கெல்லோ போட்டனான்."

"ஓமோம். அது எல்லாரும் பாத்ததுதானே." அவன் கண்ணடித்தான்.

இராசதுரை கையை இழுத்துக்கொண்டு தன் கதிரைக்குப் போனார். பக்கத்துக் கதிரையில் முத்தலிப் நேரே பார்த்தபடி இருந்தார்.

"நீங்க மாறிப் போட்டிருந்தா ஏசியிருப்பன்," என்றார். "எனக்கே போட்டு என்னைத் தோக்கடிச்சிட்டீங்க. இதுக்கு என்னத்த ஏசுற?"

செய்தது நேர்மையா, தன் பெயர்மேல் இருந்த ஆசையா என்று கையை உயர்த்தியபோது இராசதுரை பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது பிரிக்க வரவில்லை.

அதிகாரி அடுத்து உபதவிசாளர் தெரிவு என்றார். முத்தலிப் தன் அணியில் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு, வழிமொழிய ஆள் தேடித் திரும்பினார். இராசதுரையின் கை மட்டும் மேலே இருந்தது. முத்தலிப்பின் பார்வை அதைக் கடந்து பின்வரிசைக்குப் போனது.

"வேற யாராவது?" என்றார்.